ஏ.எம்.எக்ஸ்-40: ஏற்றுமதிக்கென்றே உருவான பிரெஞ்சு டாங்கி ஏன் ஒன்றுகூட விற்கவில்லை?

கேள்வி இதுதான்: 1980களில் பிரான்ஸ், தன் ராணுவத்துக்காக இல்லாமல் வெளிநாடுகளுக்கு விற்பதற்கென்றே ஏ.எம்.எக்ஸ்-40 என்ற போர் டாங்கியை உருவாக்கியது. 120 மில்லிமீட்டர் பீரங்கி, நல்ல வேகம், புதுவகைக் கவசம் எல்லாம் இருந்தும் ஒரு நாடுகூட வாங்கவில்லை. டாங்கியில் கோளாறா, விற்றவர்களிடம் கோளாறா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாங்கி நன்றாகவே இருந்தது. ஆனால் டாங்கி வாங்கும் நாடு வண்டியை மட்டும் வாங்குவதில்லை. முப்பது வருடத்துக்கு உதிரி பாகம், குண்டு, பயிற்சி, இடையிடையே வரும் மேம்பாடு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறது. அதற்கு உத்தரவாதம் தரவேண்டியது தயாரிக்கும் நாட்டின் சொந்த ராணுவம். ஏ.எம்.எக்ஸ்-40க்குப் பின்னால் அப்படி ஒரு ராணுவம் நிற்கவில்லை. இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, கொஞ்சம் முந்தைய கதைக்குப் போகவேண்டும்.

1960களில் பிரான்ஸின் பிரதான டாங்கி ஏ.எம்.எக்ஸ்-30. 1966இல் படைக்கு வரத் தொடங்கியது. எடை 36 டன்தான். அந்தக் காலத்து அமெரிக்க எம்60ஐவிடப் பத்து டன்னுக்கு மேல் குறைவு. கவசம் மெல்லியது, மிகத் தடிமனான இடத்திலேயே 80 மில்லிமீட்டர் அளவுதான். இது அலட்சியத்தால் நடந்ததில்லை. அன்றைய பிரெஞ்சுப் பொறியாளர்களின் கணக்கு இப்படி: குவிவெடிப்பு வகைக் குண்டுகள் எவ்வளவு தடிமனான எஃகையும் துளைத்துவிடுகின்றன, அப்படியிருக்க எஃகை அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. வண்டியை இலகுவாக்கி, வேகமாக ஓடவிட்டு, அடிபடாமல் தப்பிப்பதுதான் வழி.

அதே கணக்கில்தான் அதன் 105 மில்லிமீட்டர் பீரங்கிக்கான குண்டும் வந்தது. இதைக் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும், ஏனென்றால் பிரெஞ்சு டாங்கி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். குவிவெடிப்புக் குண்டு வெடிக்கும்போது உள்ளே இருக்கும் செம்புக் கூம்பு நசுங்கி, மெல்லிய உலோகத் தாரையாகப் பீறிட்டுக் கவசத்தைத் துளைக்கும். குண்டு வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தால் அந்தத் தாரை சிதறி வலுவிழந்துவிடும். ஆனால் உள்வரி, அதாவது உட்புறத்தில் சுருள் வடிவப் பள்ளங்கள், போட்ட பீரங்கிக் குழலிலிருந்து வரும் குண்டு சுழன்றே தீரும். அந்தச் சுழற்சிதான் குறி தவறாமல் அதைக் கொண்டுசெல்கிறது. மற்ற நாடுகள் வால் இறக்கை பொருத்திய குண்டுகளை நாடின. பிரான்ஸ் வேறொன்று செய்தது. வெளி ஓட்டுக்குள் வெடிமருந்து உள்ள பகுதியைத் தனியாக வைத்து, இரண்டுக்கும் நடுவே பால் பேரிங்குகளைப் போட்டார்கள். வெளி ஓடு உள்வரிகளைப் பிடித்து வேகமாகச் சுழலும். உள்ளே இருப்பது மிக மெதுவாகவே திரும்பும். ஓபுஸ் ஜி என்ற இந்தக் குண்டு சுமார் 400 மில்லிமீட்டர் எஃகைத் துளைத்தது. 1960களில் இது பெரிய சாதனை.

ஏ.எம்.எக்ஸ்-30 நன்றாக விற்றது. சவுதி அரேபியா, கிரீஸ், ஸ்பெயின், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், வெனிசுலா, சிலி, சைப்ரஸ் என்று பல நாடுகளிடம் போய்ச் சேர்ந்தது. ஸ்பெயின் உரிமம் வாங்கித் தன் நாட்டிலேயே தயாரித்தது. ஜியாட் என்ற அரசுத் தொழிற்சாலைக் கூட்டமைப்பும், டாங்கிகள் உருவான ரோவான் தொழிற்சாலையும் இந்த ஏற்றுமதியால் செழித்தன.

1970களின் நடுவில் கணக்கு தலைகீழானது. பிரிட்டன் 1976இல் சோபம் என்ற கூட்டுக் கவசத்தை வெளியே அறிவித்தது. வெவ்வேறு பொருள்களை அடுக்கிச் செய்த அந்தக் கவசத்தின் முன்னால் குவிவெடிப்புக் குண்டுகள் திணறின. அதாவது, கவசம் வீண் என்று சொல்லி டாங்கியை மெல்லியதாக்கிய வாதமும், அந்த டாங்கி நம்பியிருந்த குண்டும் ஒரே அடியில் பழசாகிவிட்டன. 1979இல் ஜெர்மனியின் லெப்பர்ட் 2, 1980இல் அமெரிக்காவின் எம்1, 1983இல் பிரிட்டனின் சேலஞ்சர் என்று வரிசையாகப் படைக்கு வந்தன. எல்லாமே 50 டன்னைத் தாண்டியவை. பிரான்ஸிடம் பதில் இல்லை.

புதிய டாங்கி வேண்டும் என்பது பாரிஸுக்குத் தெரியும். ஆனால் செலவைப் பங்கிட ஜெர்மனியோடு சேர்ந்து ஒரு டாங்கி செய்யலாம் என்று 1980இல் ஒப்பந்தம் போட்டார்கள். அது 1982இல் முறிந்தது. அதன் பிறகுதான் பிரான்ஸ் தனியாகக் களம் இறங்கி, பின்னாளில் லெக்லேர் ஆன திட்டத்தை முழு வேகத்தில் தொடங்கியது. அந்த டாங்கி கைக்கு வர 1990கள் ஆகிவிடும். நடுவில் சுமார் பத்து வருடம் காலி. பழைய வாடிக்கையாளர்கள் சும்மா இருப்பார்களா? வளைகுடாவில் எண்ணெய்ப் பணம், பக்கத்திலேயே ஈரான்-ஈராக் போர். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஏற்றுமதி டாங்கிகள் வந்தன.

முதல் முயற்சி ஏ.எம்.எக்ஸ்-32. வெர்சாய் அருகே சாத்தோரியில் நடந்த ஆயுதக் கண்காட்சியில் 1979இல் காட்டினார்கள். ஏ.எம்.எக்ஸ்-30இன் அடிச்சட்டம், கொஞ்சம் மேம்பட்ட கவசம், அதே ஐந்து ஜோடிச் சக்கரம். பிறகு 120 மில்லிமீட்டர் பீரங்கியும் வைத்துப் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை. என் பார்வையில் அது நியாயமான முடிவுதான். லெப்பர்ட் 2ஐ ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது பழைய வண்டியின் ஒட்டுப்போட்ட வடிவமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஏ.எம்.எக்ஸ்-40 அப்படியில்லை. 1980இல் வரையத் தொடங்கி, 1983இல் முதல் முன்மாதிரியை அதே சாத்தோரியில் காட்டினார்கள். 1985க்குள் மொத்தம் நான்கு வண்டிகள் தயார். இதன் அடிச்சட்டம் புதிது. பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். எடை சுமார் 43 டன். 1,100 குதிரைத்திறன் கொண்ட போயோ டீசல் இன்ஜின், அதோடு ஜெர்மனியின் இசட்.எஃப் தானியங்கி கியர்பாக்ஸ். சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் போகும். ஒரு டன்னுக்கு 25 குதிரைத்திறன் என்றால் லெப்பர்ட் 2க்குக் கிட்டத்தட்ட சமம். இன்ஜினை 1,300 குதிரைத்திறனுக்கு உயர்த்தும் திட்டமும் இருந்தது.

பீரங்கி 120 மில்லிமீட்டர், உள்வரி இல்லாத வழவழப்பான குழல். இதில் பால் பேரிங் சாமர்த்தியத்துக்கு வேலையே இல்லை. நீளமான, அம்பு போன்ற, வால் இறக்கை வைத்த உலோகக் கம்பியை வினாடிக்கு 1,600 மீட்டருக்கு மேலான வேகத்தில் எறிந்து, அந்த வேகத்தாலேயே கவசத்தைக் கிழிப்பதுதான் இதன் முறை. லெப்பர்ட் 2இன் குண்டுகளையும் இதில் போட்டுச் சுடலாம். வாங்கும் நாட்டுக்கு இது பெரிய ஆறுதல். குண்டுக்கு பிரான்ஸை மட்டுமே நம்பி இருக்கவேண்டாம்.

பக்கத்தில் இணையாக இருந்த துப்பாக்கியையும் சொல்லவேண்டும். மற்ற டாங்கிகளில் பிரதான பீரங்கிக்குப் பக்கத்தில் சாதாரண 7.62 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிதான் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அந்த இடத்தில் 20 மில்லிமீட்டர் சிறு பீரங்கியை வைத்தார்கள். அது பெரிய பீரங்கியோடு சேர்ந்தும் நகரும், தேவைப்பட்டால் தனியாக 40 டிகிரி வரை மேலே நிமிர்ந்து ஹெலிகாப்டரையும் குறிபார்க்கும். லாரிக்கும் இலகு கவச வண்டிக்கும் விலை உயர்ந்த 120 மில்லிமீட்டர் குண்டை வீணாக்கவேண்டியதில்லை. ஏ.எம்.எக்ஸ்-30 காலத்து யோசனைதான் இது. ஹெலிகாப்டர்களில் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் ஏறிவிட்ட 1980களில் அதன் மதிப்பு இன்னும் கூடியிருந்தது. மற்ற நாடுகள் இதைப் பின்பற்றாதது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

உள்ளே நான்கு பேர்: ஓட்டுநர், தளபதி, சுடுபவர், குண்டு ஏற்றுபவர். லேசர் தூரமானி, இலக்கைக் கணக்கிடும் கணினி, இரவில் பார்க்க வெப்பக்காட்சிக் கருவி எல்லாம் உண்டு. தளபதிக்குத் தனியாக அதிராத பார்வைக் கருவி. சுடுபவர் ஒரு இலக்கைக் கவனிக்கும்போதே தளபதி அடுத்ததைத் தேடலாம்.

குறை என்ன என்றால், கவசம். முன்பக்கத்தில் கூட்டுக் கவசம் வைத்தார்கள், உண்மைதான். ஆனால் 43 டன் என்ற எல்லைக்குள் எவ்வளவுதான் வைக்கமுடியும்? எம்1இன் அடுத்த வடிவமான எம்1ஏ1 57 டன், லெப்பர்ட் 2 55 டன். பன்னிரண்டு டன் வித்தியாசம் எங்கே போயிருக்கும் என்று எந்த ராணுவ அதிகாரியும் கேட்பார். பாலங்கள் பலவீனமான, சாலைகள் குறுகலான நாடுகளுக்கு இலகுவான டாங்கி உண்மையிலேயே நல்லது. ஆனால் ஏ.எம்.எக்ஸ்-40ஐ எடுத்துக்கொண்டு போனது பெரும்பாலும் வளைகுடாவுக்கு. அங்கே தட்டையான மணல், தூரத்திலிருந்தே தெரியும் இலக்குகள், ஒளிய இடமில்லை. அந்த இடத்தில் கவசம் கூடுதலாக உள்ள வண்டியைத்தான் மனம் தேடும். சரக்கையும் சந்தையையும் பொருத்தியதில் இது ஒரு தவறு என்று நினைக்கிறேன்.

சரி, சந்தையில் என்ன நடந்தது? அபுதாபியிலும் கத்தாரிலும் ஓட்டிக் காட்டினார்கள். எகிப்திலும் காட்டினார்கள். எகிப்தில் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதுபோலத்தான். இஸ்ரேலோடு செய்த கேம்ப் டேவிட் உடன்பாட்டுக்குப் பிறகு அமெரிக்கா எகிப்துக்கு வருடம் 1.3 பில்லியன் டாலர் அளவில் ராணுவ உதவி கொடுத்துவந்தது. அந்தப் பணத்தில் அமெரிக்க ஆயுதம்தான் வாங்கமுடியும். 1988இல் எகிப்து எம்1ஏ1ஐத் தன் நாட்டிலேயே பூட்டித் தயாரிக்க ஒப்பந்தம் போட்டது. சொந்தக் காசு கொடுத்து பிரெஞ்சு டாங்கி வாங்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

பெரிய வாய்ப்பு சவுதி அரேபியா. அவர்களிடம் ஏற்கெனவே பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-30 இருந்தது. ஜெர்மனி லெப்பர்ட் 2ஐ விற்க மறுத்திருந்தது. 1987இல் நான்கு டாங்கிகளைப் பாலைவனத்தில் போட்டியாகச் சோதித்துப் பார்த்தார்கள்: பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-40, பிரிட்டிஷ் சேலஞ்சர், அமெரிக்க எம்1ஏ1, பிரேசிலின் ஓசோரியோ. தேறியவை கடைசி இரண்டும்தான். இதில் ஒரு வேதனையான விவரம்: ஓசோரியோவில் இருந்த 120 மில்லிமீட்டர் பீரங்கி பிரான்ஸின் ஜியாட் தயாரித்துக் கொடுத்தது. அதாவது, பிரெஞ்சுப் பீரங்கி தேறிவிட்டது. அதைச் சுமந்த பிரெஞ்சு வண்டி தேறவில்லை.

ஓசோரியோவின் கதையும் இங்கே முக்கியம். அதைச் செய்த எங்கெசா நிறுவனம் சவுதி ஆர்டர் வந்துவிடும் என்றே நம்பியிருந்தது. சவுதி கடைசியில் எம்1இன் இன்னும் புதிய வடிவமான எம்1ஏ2 டாங்கிகள் 315 வாங்கியது. பிரேசில் ராணுவமும் ஓசோரியோவை வாங்கவில்லை. எங்கெசா திவாலானது. இத்தாலியின் ஓ.எஃப்-40 என்ற டாங்கியும் இதே ரகம்: இத்தாலிய ராணுவம் லெப்பர்ட் 1 வைத்திருந்ததால் அதைத் தொடவில்லை, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 36 டாங்கிகள் விற்றதோடு முடிந்தது. கடைக்காரர் வீட்டிலேயே சமைக்காத அரிசியை யார் மூட்டையாக வாங்குவார்கள்?

அப்புறம், 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. பீப்பாய் ஒன்றுக்கு 25 டாலருக்கு மேல் இருந்தது பத்து டாலர் பக்கம் இறங்கியது. வளைகுடா நாடுகள் பெரிய கொள்முதல்களைத் தள்ளிப்போட இது போதுமான காரணம். பிரெஞ்சுக்காரர்கள் கதவைத் தட்டிய நேரம் அவ்வளவு மோசம்.

ஸ்பெயின் வேறு விதமான ஏமாற்றம். பிரான்ஸோடு நெருக்கம், ஏ.எம்.எக்ஸ்-30ஐ உள்நாட்டில் தயாரித்த அனுபவம், 1980களின் நடுவில் லின்ஸே என்ற புதிய டாங்கித் திட்டம் எல்லாம் அங்கே இருந்தன. ஏ.எம்.எக்ஸ்-40க்கு இதைவிடப் பொருத்தமான நாடு இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்பானிய வீரர்கள் பழைய ஏ.எம்.எக்ஸ்-30இன் கியர்பாக்ஸோடு வருடக்கணக்கில் போராடியிருந்தார்கள். 1980களின் கடைசியில் தங்கள் 299 டாங்கிகளைப் புதுப்பிக்க முடிவு செய்தபோது அவர்கள் செய்ததைப் பாருங்கள்: 149 வண்டிகளுக்கு ஜெர்மன் எம்.டி.யு இன்ஜின், மீதி 150க்கு அமெரிக்க அலிசன் கியர்பாக்ஸ். பிரெஞ்சு டாங்கியின் வயிற்றிலிருந்து பிரெஞ்சுப் பாகத்தை எடுத்துப்போட்டு வேறு நாட்டுப் பாகத்தை வைத்தார்கள். அந்த மனநிலையில் இருந்தவர்களிடம் அடுத்த பிரெஞ்சு டாங்கியை விற்பது எவ்வளவு கடினம்! லின்ஸே திட்டமே 1989இல் கைவிடப்பட்டது. ஸ்பெயின் பின்னாளில் லெப்பர்ட் 2 பக்கம் போனது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். சொந்த ராணுவம் வாங்காத டாங்கி எதுவுமே விற்றதில்லையா? விற்றிருக்கிறது. அதிலும் மிகப் பெரிய உதாரணம் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் இருக்கிறது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் ஏற்றுமதிக்கென்று வடிவமைத்த டாங்கியைத்தான் இந்தியா விஜயந்தா என்ற பெயரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் தயாரித்தது. மொத்தம் சுமார் 2,200. பிரிட்டிஷ் ராணுவம் அதில் ஒன்றைக்கூடப் படையில் சேர்க்கவில்லை. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். இந்தியா வாங்கியது டாங்கியை மட்டுமல்ல, தொழிற்சாலையையும் சேர்த்து. உதிரி பாகம் நாளைக்குக் கிடைக்குமா என்று லண்டனைக் கேட்கவேண்டிய நிலையே பெருமளவு குறைந்தது. பீரங்கியும் இன்ஜினும் பிரிட்டிஷ் ராணுவத்தின் மற்ற டாங்கிகளில் இருந்தவைதான். வளைகுடா நாடுகள் தொழிற்சாலை கேட்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் ஓடவேண்டும், பழுதானால் விற்றவர் வரவேண்டும் என்று கேட்டன. அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு விற்கும் நாட்டு ராணுவத்தின் கிடங்குதான் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை பிரான்ஸே உடைத்தது. 1986 ஜனவரியில் தன் ராணுவத்துக்கு வரப்போகும் புதிய டாங்கிக்கு லெக்லேர் என்று பெயர் சூட்டி உலகத்துக்கு அறிவித்தது. ஏ.எம்.எக்ஸ்-40ஐப் பாலைவனத்தில் விற்க முயன்றுகொண்டிருந்த அதே வருடங்களில்! குண்டைத் தானே ஏற்றும் இயந்திரம், மூன்று பேர் குழு, இன்னும் கனமான கவசம் என்று லெக்லேர் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்தன. சவுதி அதிகாரி ஒருவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். சில வருடத்தில் பிரெஞ்சு ராணுவம் இதைவிட மேலான ஒன்றை எடுக்கப்போகிறது. எனக்கு மட்டும் ஏன் இது?

1990இல் ஏ.எம்.எக்ஸ்-40ஐ விற்கும் முயற்சியை ஜியாட் நிறுத்தியது. லெக்லேரின் ராசி வேறாக இருந்தது. 1993இல் ஐக்கிய அரபு அமீரகம் 388 லெக்லேர் டாங்கிகளுக்கும் 46 மீட்பு வண்டிகளுக்கும் ஆர்டர் கொடுத்தது. ஏ.எம்.எக்ஸ்-40ஐ ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிய அதே நாடு. அதிலும் ஜெர்மன் எம்.டி.யு இன்ஜின்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. அந்த ஒப்பந்தத்தில் ஜியாட் பெரும் நஷ்டம் அடைந்தது தனிக்கதை. இருந்தாலும் விற்றது. பிரெஞ்சு ராணுவத்துக்கு 406 லெக்லேர் போனதும் அமீரகத்துக்கு 388 போனதும் ஒரே உற்பத்தி வரிசையிலிருந்துதான்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் பிரான்ஸில் சோமூர் நகரத்துக் கவச வாகன அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே ஏ.எம்.எக்ஸ்-40 இருக்கிறது. பார்க்கும்போது பீரங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் 20 மில்லிமீட்டர் குழலையும் ஆறாவது சக்கரத்தையும் கவனியுங்கள்; ஏ.எம்.எக்ஸ்-30இலிருந்து எது வந்தது, எது புதிது என்பது அந்த இரண்டிலேயே தெரிந்துவிடும்.

இன்றைக்கும் இந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. ஜியாட்டின் வாரிசான நிறுவனமும் ஜெர்மன் கூட்டாளியும் சேர்ந்து, லெப்பர்ட் 2இன் அடிச்சட்டத்தில் லெக்லேரின் மேல்பகுதியைப் பொருத்தி இ.எம்.பி.டி என்ற டாங்கியை 2018இல் பாரிஸ் அருகே கண்காட்சியில் வைத்தார்கள். பிரெஞ்சு ராணுவமோ ஜெர்மன் ராணுவமோ அதை ஆர்டர் செய்யவில்லை. அதே காலகட்டத்தில் தென்கொரியா, தன் ராணுவத்துக்காகத் தயாரித்துவந்த கே2 டாங்கியை போலந்துக்கு விற்றது. 180 டாங்கிகளுக்கு 2022 ஆகஸ்டில் கையெழுத்து, டிசம்பரிலேயே முதல் பத்து டாங்கிகள் போலந்துத் துறைமுகத்தில் இறங்கிவிட்டன. உற்பத்தி வரிசை ஓடிக்கொண்டிருந்ததால்தான் அது முடிந்தது. 1987இல் சவுதி ஏ.எம்.எக்ஸ்-40க்கு ஆம் சொல்லியிருந்தால்கூட, ஜியாட் தன் நான்கு முன்மாதிரிகளை வைத்துக்கொண்டு உற்பத்தி வரிசையையே அதற்குப் பிறகுதான் அமைக்க ஆரம்பித்திருக்கவேண்டும்.